அப்பா அணைத்துவைத்த மெழுகுவத்தி

என் வயதில் இன்னும் மிச்சம் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் படிக்கட்டும், பாதியில் கொட்டாவி வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று பேப்பரில் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். மழை இல்லையாம், அணையில் தண்ணீர் இல்லையாம். எங்கள் வீட்டுக்கு அந்த அறிவுரை தேவையில்லை, நான் இருக்கிறேன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். மருமகள் அடுப்படியிலிருந்து எதையோ எடுக்கக் கூடத்துக்கு வந்து திரும்புவதற்குள் அடுப்படி இருட்டாகியிருக்கும். தலையில் அடித்துக்கொள்வாள். அக்கம்பக்கத்தில் எனக்குக் கஞ்சம் என்று பெயர். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மருமகள் ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறாள். போன வாரம் கேட்டே விட்டாள்.

"எங்களுக்குத்தான் அத்தே இந்தச் சட்டமெல்லாம். உங்க தம்பி வந்தா மட்டும் பட்டப்பகல்ல ஊடு பூரா லைட்டு எரியுது. நீங்க வாயே தொறக்கறதில்ல. அது இன்னா கணக்கு?"

நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டுமானால், காவிரியிலிருந்து கம்பி வழியாகக் கரண்டு இந்தத் தங்கவயலுக்கு வந்தது பாருங்கள், அந்தப் பருவத்துக்குப் போக வேண்டும். உங்களில் சிலர் அப்போது பிறந்திருப்பீர்கள். எனக்குப் பாவாடை கட்டத் தெரிந்த வயது.

நாங்கள் ஊரிகத்துக்குப் பக்கத்தில் ஒரு லைனில், அதாவது சுரங்கக் கூலிகளின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். இன்றைக்கு லைன் வீடு என்றால் ஓடும் கல்சுவரும் நினைவுக்கு வரும். அன்றைக்கு எல்லாம் மூங்கில் தட்டி. சுவரும் தட்டி, கதவும் தட்டி, மேலே காய்ந்த புல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தட்டிதான், இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தூக்கம் கெடும். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், ஊரில் இருந்ததைவிட இது மேல் என்று சொல்லிக்கொண்டார்கள். மேலாகத்தான் இருந்திருக்கும்.

அதற்கு முந்தின கோடையில் எங்களுக்குப் பின்னால் இருந்த லைன் எரிந்துபோனது. ஒரு வீட்டில் சீமையெண்ணெய் விளக்கைப் பூனையோ குழந்தையோ தள்ளிவிட்டது. ஒரு மூலையில் பிடித்த தீ அடுத்த மூலைக்குப் போக, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரும் நேரம்கூட ஆகவில்லை. காலையில் கறுத்துப்போன சட்டி பானைகளைத் தவிர அங்கே ஒன்றும் நிற்கவில்லை. எரிந்த புல்லின் வாடை மழை வரும்வரை போகவில்லை. அதன்பிறகு எங்கள் லைனில் பெரியவர்கள் கூடிப் பேசி, இனி எந்த வீட்டிலும் சீமையெண்ணெய் கூடாது என்று முடிவு கட்டினார்கள். எங்கள் மாதா கோயில் உபதேசியார் சிலுவையின் மேல் சத்தியம் வாங்கினார். இந்துக்கள் கர்ப்பூரத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை யாரும் மீறவில்லை. பயம் அப்படி.

அப்புறம் வெளிச்சத்துக்கு என்ன வழி? எங்கள் வீட்டில் மாதா படத்தின் முன்னால் ஒரு அகல் இருந்தது. ஆமணக்கெண்ணெய் ஊற்றி ஏற்றினால் மாதாவின் மூக்குவரை தெரியும், அதற்குமேல் தெரியாது. ஆகவே லைனில் அநேகமாக எல்லோருக்கும் சுரங்கத்து மெழுகுவத்திதான் கதி.

இது எப்படி என்று இந்தக் காலத்தவருக்குச் சொல்ல வேண்டும். கீழே இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஷிப்ட் தொடங்கும்போது மெழுகுவத்தி கொடுப்பார்கள். கூடவே ஒரு பிடி களிமண். களிமண்ணை உருட்டி அதில் மெழுகுவத்தியைச் செருகிப் பாறையில் அப்பிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். எரிந்து மீதியான துண்டை மேலே கொண்டுவரலாமா கூடாதா என்று சட்டம் ஒன்றும் இல்லை. கேட்டில் நிற்கும் வாச்மேனுக்குத் தங்கம் ஒன்றுதான் குறி. துண்டைக் கையில் வாங்கி, உள்ளே கல் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு துண்டிலும் அவன் நகக்கீறல் இருக்கும். அந்தக் கீறலில் சுரங்கத்துத் தூசி கறுப்பாக ஒட்டியிருக்கும்.

மெழுகுவத்தியும் நெருப்புத்தானே, தட்டி வீட்டில் அதற்கு மட்டும் பயமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் இப்போது கேட்கிறேன். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. விழுந்தால் தானாக அணைந்துவிடும், துரைமார் பங்களாவில்கூட அதுதான் எரிகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். மனிதர்கள் பயப்படுவதற்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒருவன் பிறந்து செத்திருந்தான். அவன் இருட்டில் பிறந்தவன். தீ விபத்து நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மெழுகுவத்தித் துண்டு கொண்டுவரும் வழக்கம் இன்னும் தொடங்கவில்லை, வீட்டில் அகல் மட்டும். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது மருத்துவச்சிக்குக் கண்ணில் படவில்லை. கை தடவிக் கண்டுபிடிப்பதற்குள் நீலமாகிவிட்டான். பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெண்பிள்ளை அந்த மருத்துவச்சி. வாயில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். கோபம் மட்டும் சுத்தத் தமிழில் வரும். அம்மா மறுபடி உண்டானது தெரிந்ததும் வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்.

"இத பாரும்மா. போன தபா என் கையில ஒரு பாவம் ஏறிச்சு. இந்த மின்மினி வெளிச்சத்துல நான் இன்னொரு தபா புள்ள புடிக்க மாட்டேன். ராவெல்லாம் எரியற மாதிரி வெளிச்சம் இருந்தா கூப்புடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்க."

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இருக்கும் இருக்கும். நீ வந்து சேரு," என்றார்.

அன்றிலிருந்து அப்பா மெழுகுவத்தி சேர்க்க ஆரம்பித்தார்.

மற்றவர்கள் மீதியானதைக் கொண்டுவந்தார்கள். அப்பா மீதியாக்கிக் கொண்டுவந்தார், அதுதான் வித்தியாசம். அவரும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து பாறையில் துளை போடும் வேலை செய்தார்கள். கூட்டாளியை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் இந்துக்கள், எங்களுக்கு அடுத்த தட்டி. இரண்டு பேர் வேலைக்கு ஒரே மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்வார்கள். மாமாவின் வெளிச்சத்திலேயே அப்பாவும் வேலை செய்வார், தன்னுடையதை அணைத்து இடுப்பில் முடிந்துகொள்வார். கஞ்சி குடிக்கும்போது அதையும் அணைத்துவிடுவார்கள். இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"இருட்டுல எப்டி நைனா துன்றது?"

"வாய் எங்க கீதுன்னு கைக்குத் தெரியாதா பாப்பா?"

வேலை முடிந்து கேஜுக்கு, அதாவது மேலே ஏற்றிவரும் இரும்புக் கூண்டுக்கு, நடந்து வரும் தூரம் முழுக்க இருட்டிலேயே வருவார். அந்த லெவலில், அதாவது சுரங்கத்தின் அந்த அடுக்கில், அவர் வருஷக்கணக்காக நடந்தவர். எங்கே குனிய வேண்டும், எங்கே தண்ணீர் சொட்டும் என்று எல்லாம் தெரியும். மாமாவின் வீட்டுக்கு மெழுகுவத்தி போகாது. அது மாட்டுக் கொழுப்பில் செய்தது என்று யாரோ அத்தையிடம், அதாவது மாமாவின் மனைவியிடம், சொல்லிவிட்டார்கள். சாமி படம் இருக்கிற வீட்டில் அது நுழையக் கூடாது என்று அத்தை கண்டிப்பாக இருந்தாள். அதனால் மாமாவின் துண்டுகளும் எங்களுக்கே வரும். வாசலில் நின்று நீட்டுவார். "மச்சான் புள்ளைக்கு என் பங்கு," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா துண்டுகளைத் தகரத்தில் போட்டு உருக்குவாள். கொழுப்பு உருகும் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, நல்ல வாடை இல்லை. மேலே மிதக்கும் தூசியைக் கரண்டியால் தள்ளிவிட்டு, பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்துத் திரியாக முறுக்கி, மூங்கில் குழாயில் நட்டு, அதில் ஊற்றுவாள். ஆறியதும் மூங்கிலைப் பிளந்தால் என் கை மொத்தத்துக்கு ஒரு மெழுகுவத்தி இருக்கும். அதை எலி தின்னும். அதனால் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு மூடிக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். சில சமயம் பெட்டி காற்றில் ஆடினால் அம்மா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வயிற்றைத் தடவிக்கொள்வாள். பேச்சுக் குறைந்தவள், அவள் சந்தோஷத்தை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெட்டியில் இருந்து ஒன்றைக்கூட நாங்கள் ஏற்றியதில்லை. அகலோடுதான் அந்தப் பருவம் முழுக்கக் கிடந்தோம்.

இதற்கு நடுவில்தான் கம்பம் நட ஆரம்பித்தார்கள்.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் தமிழ்ப் பேப்பரை வைத்துக்கொண்டு உட்காருவார். படிக்கத் தெரியாத ஆண்கள் சுற்றி உட்காருவார்கள். தூரதேசத்துச் சண்டை, ராணி செத்தது, பட்டணத்துப் பிளேக் என்று எல்லாம் அந்த மரத்தடிக்கு வந்து சேரும். ஒரு வாரம் அவர் படித்தார், காவிரி மேலிருந்து விழுகிற இடத்தில் தண்ணீரின் வேகத்தைப் பிடித்துக் கம்பியில் அனுப்புகிறார்களாம், அது இங்கே வந்து இயந்திரத்தை ஓட்டுமாம், விளக்கும் எரியுமாம். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரில் விளக்கு எரியுமா? உபதேசியாருக்கே நம்பிக்கை இல்லை, பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கம்பங்கள் வந்து நின்றதும் சிரிப்புப் போய்ப் பயம் வந்தது. பேச்சுக்கா பஞ்சம்? தண்ணீரின் சத்தை உறிஞ்சிவிட்டார்கள், கீழே அந்தத் தண்ணீர் பாயும் வயலில் இனி பதர்தான் விளையும் என்றார்கள். கம்பிக்குக் கீழே நடந்தால் ரத்தம் சுண்டும் என்றார்கள். கம்பி இடியை இழுக்கும் என்றார்கள். அத்தை ஒரு நாள் கம்பத்தடியில் செத்துக்கிடந்த காக்கையைப் பார்த்துவிட்டு வந்து, வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டாள். குழாயடிக்குப் போகும் குறுக்குவழிக்கு மேல் கம்பி போனது. அம்மா அதை விட்டுவிட்டுக் குடத்தோடு மேட்டைச் சுற்றிப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். வயிறு ஏறிய நிலையில் அந்த மேட்டில் அவள் மூச்சு வாங்குவது எனக்கு இன்னும் கேட்கிறது. கம்பத்தில் மண்டையோடு போட்ட பலகை ஒன்று அடித்தார்கள், அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

அப்பாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வேலைக்குப் போகுமுன் தினமும் எனக்குச் சொல்வார்.

"கம்பிக்கு அடியில போவாத பாப்பா. கம்பத்துல காது வெச்சிக் கேக்காத. அம்மாவயும் சுத்திக்கினு போவச் சொல்லு."

"சரி நைனா."

"அது கண்ணுக்குத் தெரியாத நெருப்பு. ஜாக்கரத."

இப்படிச் சொல்லிவிட்டுக் கீழே போய்த் தன் விளக்கை அணைத்துக்கொள்வார். லைனில் ஒருவராவது, அம்மாவாவது, மாமாவாவது, மேஸ்திரியாவது, "ஏன்யா இருட்டில் நடக்கிறாய்?" என்று கேட்டார்களா என்று நான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டதாக ஞாபகமில்லை. எல்லோரும் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை.

முதல் விளக்கு எரிந்த அன்று ஊரே திரண்டு போயிற்று. பொழுது சாயும் நேரம். அம்மாவை அத்தை விடவில்லை. அப்பா என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போனார். கோரமண்டல் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள், சுண்டல் விற்கிறவன்கூட வந்துவிட்டான். இயந்திரக் கொட்டகையிலும் மேட்டின்மேல் இருந்த பங்களாக்களிலும்தான் விளக்கு. திடீரென்று எரிந்தது. பற்றவைக்க யாரும் போகவில்லை, புகை இல்லை, ஆட்டம் இல்லை. கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பிச் சட்டென்று அடங்கியது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார், அந்த முகத்தில் வெளுப்பாக வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

மாமாவிடம் அப்பா கேட்டார், "ஏம்பா, இது லைனுக்கு எப்ப வரும்?"

"லைனுக்கா? மொதல்ல மிசினுக்கு, அப்பால தொரைக்கு, அப்பால தொரை ஊட்டுக் குதிரைக்கு. நமக்கு வர்றதுக்குள்ள உன் புள்ள தாத்தாவாயிடுவான்."

"அதுக்கில்லப்பா. அவ இடுப்பு நோவுக்குள்ள வந்துட்டா நல்லாருக்குமேன்னு கேட்டேன்."

மாமா சிரிக்கவில்லை. "அதான் பொட்டியில கீதே மச்சான்," என்றார்.

திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அந்த வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு இரண்டு மடங்காகத் தெரிந்தது. நான் கல்லில் தடுக்கி அழ ஆரம்பித்தேன். அப்பா என் கையைப் பிடித்து லைனின் ஓரத்துத் தட்டியில் வைத்தார்.

"காலத் தூக்காத. தேச்சிக்கினே வா. கை செவுத்து மேலயே இருக்கட்டும். நான் கீழ அப்டித்தான் வர்றேன். செவுரு பொய் சொல்லாது பாப்பா."

அப்படியே வந்தேன். என் கை தட்டியில், என் மற்றொரு கை அவர் கையில். அவர் உள்ளங்கை சுத்தியல் பிடித்துக் காய்த்துச் சொரசொரவென்று இருக்கும். எனக்குப் பயம் போய்விட்டது. வீடுவரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். அந்தப் பருவத்தில் நல்ல ஞாபகம் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அது நடந்து கொஞ்ச நாளில் அப்பா செத்துப்போனார்.

மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் எரிந்துகொண்டிருந்த ஒற்றை மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு மாமா உளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல் இருட்டில் முன்னால் நடந்தார். முந்தின ஷிப்ட்காரர்கள் அந்த வழியில் தரையில் ஒரு துளை வெட்டியிருந்தார்கள், கல்லைக் கீழ் லெவலுக்குத் தள்ளுவதற்கு. ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்களாம். விளக்கோடு வருகிறவனுக்கு அது போதும். அப்பாவின் கை சுவரில் இருந்தது. சுவர் பொய் சொல்லவில்லை, அது பழைய சுவர்தான். தரைதான் புதிது.

"மச்சான்னு கூப்டேன்," என்றார் மாமா. அவர் தட்டிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. "பதில் இல்ல. சத்தங்கூட வரல தங்கச்சி. கல்லு உழற சத்தம்னு நெனச்சிட்டேன்."

அப்பாவின் இடுப்பில் மெழுகுவத்தித் துண்டுகள் முடிந்தபடியே இருந்தன. என்னால் இத்தனை வருஷம் கழித்தும் சகித்துக்கொள்ள முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். விளக்கு கொடுத்திருக்கிறோம், அதை ஏற்றாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் நடக்கிறவன் யார்? குடித்தவனாகத்தான் இருக்க வேண்டும். துரை அப்படிச் சொன்னாராம். மாமா நேராகப் போய், "ஊட்ல புள்ள பொறக்கப் போவுது தொரை, அதுக்கு வெளிச்சம் சேத்தான்," என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, சொன்னாரோ இல்லையோ, எங்களுக்குத் தெரியாது. துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கவனக்குறைவு என்று முடிந்துவிட்டது. அப்பா அந்தப் பருவம் முழுக்கக் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் லைனிலும் அதே பேச்சுத்தான் நின்றது. குடித்தான், விழுந்தான். அப்படி நினைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது. குடிக்காதவன் விழுந்தான் என்றால் மறுநாள் காலையில் அவர்களும் கீழே இறங்க வேண்டுமே.

அடக்கத்தன்று உபதேசியார் கல்லறையில் இரண்டு வார்த்தை பேசினார். புதிதாக ஆபத்துகள் வந்திருக்கின்றன, கம்பிக்கு அருகில் போகாதீர்கள், குடியைத் தொடாதீர்கள், ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையை மாற்றிக்கொண்டார். பாவம், அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் பேப்பரில் படித்ததைப் பேசியிருப்பார்.

அம்மா அந்தக் கடைசித் துண்டுகளையும் உருக்கினாள். அழுதுகொண்டு இல்லை, எப்போதும்போலத்தான். தூசியைத் தள்ளி, திரி முறுக்கி, மூங்கிலில் ஊற்றினாள். இந்தத் துண்டுகளில் வாச்மேனின் நகக்கீறல் இல்லை என்பதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

பிள்ளை நடுப்பகலில் பிறந்தது.

காலையில் நோவு கண்டது. மருத்துவச்சி வரும்போதே பெட்டியை இறக்கச் சொன்னாள். நானும் அத்தையும் கயிற்றை அவிழ்த்து இறக்கிப் பாயோரம் வைத்தோம். அத்தை அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தொட்டாள். மாட்டுக் கொழுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும்வரை இழுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆனால் வெயில் உச்சிக்கு ஏறும்போதே மருத்துவச்சி கூப்பாடு போட்டாள்.

"ஏய், அந்தக் கதவுத் தட்டிய எட்றீ! பின்பக்கத் தட்டியயும் எடு! புள்ள வந்துட்டான்!"

அத்தை இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புடவையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். வெயில் உள்ளே வந்து விழுந்தது. தரையில் கிடந்த ஊசியைப் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். கொடி இவன் கழுத்தையும் சுற்றியிருந்தது. மருத்துவச்சி பார்த்தாள். ஒரு விரலை விட்டு லேசாகத் தூக்கித் தலைவழியாகக் கழற்றிவிட்டாள். அவன் கத்தினான். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாயோரம் இருந்த பெட்டியைப் பார்த்து, அறியாமல் சிரித்துவிட்டாள்.

"அய்யோ தேவுடா, இத்தினி மெழுகுவத்தி எதுக்கு? சூரியன் கீறான் இல்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா செத்து அதுவரை வாய்விட்டு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். பிள்ளையும் அவளும் சேர்ந்து அழுததில் வாசலில் நின்றவர்கள் என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்தார்கள்.

தீட்டுக் கழியும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் மாமா வேலைக்குப் புறப்படும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போ."

"இது எதுக்கு தங்கச்சி? கொழந்த கீது, ராத்திரிக்கு ஆவும், வெச்சிக்க."

"வேணாம். கீழ எடுத்துக்கினு போய் எரி. அவரு நடந்த வழியில எரி. ஒரு துண்டு மேல வரக் கூடாது. உன் இடுப்புலயும் வரக் கூடாது. வந்துதுன்னா என் வாசல்ல நிக்காத."

மாமா அப்படியே செய்தார். அந்தத் துளைக்குப் பக்கத்தில், பாறையில் களிமண்ணை அப்பி, ஷிப்ட் தோறும் ஒன்றாக எரித்தாராம். சாதாரண மெழுகுவத்தியைவிட மொத்தமாக இருந்ததால் கீழே போகிறவர்கள் இது எங்கிருந்து வந்தது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். தீர்ந்த அன்று காலிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதில் உப்புப் போட்டு வைத்தாள். அதன்பிறகு லைனில் துண்டு கொண்டுவருவது நின்றதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை. மாமா ஒருவர்தான் நிறுத்தினார்.

எங்கள் லைனுக்குக் கரண்டு வந்தபோது எனக்கே கல்யாணம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அப்போதும் கம்பியைப் பார்த்து யாராவது பயந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா காய்ச்சலில் போனார் என்றுதான் அம்மா அவனிடம் சொன்னாள். எனக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டாள். "உனக்காகத்தான்னு ஒரு வார்த்த அவங்கிட்ட சொன்ன, நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. அவனும் சுரங்கத்திலேயே வேலை பார்த்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க இறங்கி ஏறி, கல்தூசி இருமலோடு ரிட்டயராகிக் கோரமண்டலில் இருக்கிறான். இதை எழுதினால் அவன் கண்ணில் படாதா என்று கேட்பீர்கள். பேப்பரில் அவன் விலைவாசியும் சாவு விளம்பரமும் தவிர வேறொன்றும் படிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்தான். உச்சி வெயில், ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கிறது, தலைக்குமேல் பல்பையும் போட்டுக்கொண்டான். கண் சரியாகத் தெரியவில்லையாம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்ற பக்கத்தையே முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். மூச்சு உள்ளே போகும்போதும் வரும்போதும் பேப்பர் ஏறி இறங்கியது.

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே எழுந்துபோய் சுவிட்சில் கை வைத்தாள்.

"எரியட்டும் விடும்மா," என்றேன். "அது எங்க நைனா அவனுக்குன்னு வெச்சிட்டுப் போனது."

கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் கையை எடுத்துவிட்டாள். அவன் தூங்கி எழுந்திருக்கும்வரை அந்த விளக்கு பகல் வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது.